பென்சிலில் இருவர்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சித்திரத்தைப் பற்றி வானொலியிலே பேசுவது சற்று வேடிக்கையான காரியந்தான். கண்ணுக்குரியதைக் காதுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நிகழ்ச்சியிலே கவிஞர்கள் வந்து கவிதை வாசித்துவிட்டுப் போகிறார்கள். சிறுகதை ஆசிரியர்கள் தங்கள் கதை பிறந்த கதையைச் சொல்கிறார்கள். நான் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சித்திர ஆசிரியனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு படம் கீறப்பட்ட கதையைத்தான் என்னாற் சொல்ல முடியும். "வரைதல்" என்பது புத்தகச் சொல். எங்களூரிலே படம் கீறுவதுதான் வழக்கம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

2016 ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் பெரியம்மா. கைப்பையிலிருந்து ஒரு சிறிய புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதராக இருந்த அவருடைய கணவர், 1989 இல் வேலைத்தல அடையாள அட்டைக்காக எடுத்த படம். 1990 ஆனியிலே அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்ட மனிதர் போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அந்த வருடம் கார்த்திகையில் மகள் பிறந்தாள். மகளுக்கு இப்போது ஆவணியிலே கலியாணம்.

"மாஸ்டர், தேப்பனையும் மகளையும் ஒண்டா வைச்சு ஒரு படம் கீறித் தர ஏலுமே? ரெண்டு பேரும் ஒண்டா நிண்ட படம் ஒண்டும் இல்லை."

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார். "இப்ப இருந்தா அவருக்கு அம்பத்துநாலு. அந்த வயசுக்கு ஏத்த மாதிரி நரையும் போட்டுக் கீறுங்கோ."

நான் சம்மதித்தேன். எவ்வளவு பெரிய காரியத்துக்குச் சம்மதித்திருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் பொருட்கள். கார்ட்ரிட்ஜ் தாள், 2எச், எச்பி, 2பி, 4பி பென்சில்கள், ஓர் அழிறப்பர், கையாற் பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய மெதுவான இன்னொரு றப்பர், பென்சில் சீவ ஒரு பிளேட். இவ்வளவுதான். பென்சிலின் உள்ளே இருப்பதைக் காரீயம் என்கிறோம். பெயரிலே ஈயம் உண்டே தவிரப் பொருளிலே ஈயமில்லை, கரிதான். அதைக் களிமண்ணோடு கலந்து சூளையிற் சுட்டு, களிமண்ணின் அளவைக் கூட்டியும் குறைத்தும் கடினமான பென்சிலையும் மெதுவான பென்சிலையும் செய்யலாம் என்று 1795 இல் காட்டியவர் பிரான்ஸ் நாட்டவரான கொன்ரே. அந்தக் கரி உலகத்திலேயே மிகச் சுத்தமாக, பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகக் கிடைப்பது எங்கள் நாட்டிலேதான். போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் இறங்கி வெட்டுகிறார்கள். பென்சிலைச் சீவும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும். அது கிடக்கட்டும்.

இரண்டு உருவங்களைக் கீறும்போது தாளிலே மூன்று வடிவங்கள் இருக்கின்றன: இவர், அவர், இருவருக்கும் இடையிலே உள்ள வெற்றிடம். மாணவர்களுக்கு நான் இதை வருடாவருடம் சொல்லி வந்தவன். அந்த வெற்றிடத்துக்கும் ஓர் உருவம் உண்டு. அது ஒடுங்கினால் நெருக்கம், அகன்றால் விலகல். ஆகவே முதலில் நெருப்புப்பெட்டி அளவிலே சின்னச் சின்னக் குறிப்புப் படங்கள் கீற வேண்டும். முகம், கண், மூக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு முட்டை வடிவம், தோள்களுக்கு இரண்டு கோடு, அவ்வளவே. நான் பதினைந்து குறிப்புகள் கீறினேன். அருகருகே நிற்க வைத்தால் கலியாணப் படம் போல இருந்தது. எதிரெதிரே இருத்தினால் வழக்குப் பேசுகிறவர்களைப் போல இருந்தது. கடைசியில் பழைய ஸ்ரூடியோ முறைக்கே போனேன். மகள் கதிரையில் இருக்கிறாள், தகப்பன் அவளுக்குப் பின்னே சற்று இடப்புறமாக நிற்கிறார்.

அடுத்தது கண்மட்டம். அடையாள அட்டைப் படத்திலே கமரா அவருடைய கண்ணுக்கு நேரே நின்றிருக்கிறது. அவரை நிற்கவைத்து, அவருடைய கண்ணுக்கு நேரே நின்று நாங்கள் பார்க்கிறோமென்றால், இருக்கிற மகளைச் சற்று மேலேயிருந்துதான் பார்க்க முடியும். உச்சி வகிடு கொஞ்சம் கூடத் தெரிய வேண்டும், நாடி கொஞ்சம் ஒடுங்க வேண்டும். இதைக் கவனியாமல் இரண்டு புகைப்படங்களைப் பார்த்து இரண்டு முகங்களையும் அப்படியே பிரதி பண்ணுகிறவர்களின் படங்களில், ஆட்கள் ஒரே அறையில் நிற்பதில்லை. அதனாலே மகளை நேரிலே வரச்சொல்லி, யன்னலோரம் பதிந்த கதிரையொன்றில் இருத்தி, நான் நின்றபடியே கீறினேன். மூன்று சனிக்கிழமைகள். என் முழங்காலுக்கு அது பிடிக்கவில்லை.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். உயிரோடு ஓர் ஆள் முன்னால் இருக்கும்போது கை தானாகவே ஓடும். மகளின் முகத்தையும் தலைமயிரையும் சேலை மடிப்பையும் அழகாக முடித்துவிட்டு, அதன் பின்னர் தகப்பனைத் தொடங்கினேன். எவ்வளவு கீறியும் அவர் தபால் முத்திரை ஒட்டினாற்போலத் தனியே நின்றார். காரணம் வெளிச்சம். ஸ்ரூடியோவிலே இரு பக்கமும் விளக்கு வைத்து நிழலே விழாமல் எடுத்த முகம் அவருடையது. மகளின் முகத்திலோ யன்னல் வெளிச்சம் இடப்பக்கமாக விழுந்து, வலது கன்னம் நிழலாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மாணவர்களுக்கு நானே சொன்ன பாடம்: இரண்டு பேரையும் ஒரே நேரத்திற் கீற வேண்டும். இங்கே ஒரு கண் என்றால் அங்கே ஒரு கண். ஒருவரை முடித்துவிட்டு மற்றவரிடம் போகக் கூடாது.

இரண்டாவது தாளிலே அப்படியே செய்தேன். 2எச் பென்சிலால் இருவரையும் சேர்த்து வெளிக்கோடு. பிறகு அளவுகள். தலையின் உச்சிக்கும் நாடிக்கும் நடுவிலேதான் கண்கள் வரும். இரு கண்களுக்கும் இடையில் இன்னொரு கண் வைக்கலாம். இவை பொது விதிகள், ஆளைப் பிடிக்க உதவுவது இவற்றிலிருந்து அந்த ஆள் எங்கே விலகுகிறார் என்பதே. தகப்பனின் முகத்துக்கு யன்னல் நிழலை நானே உண்டாக்க வேண்டியிருந்தது. சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அதே யன்னலோரம் இருந்து, என் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண் குழியில் எவ்வளவு இருள் என்று பார்த்துப் பார்த்து அவருக்குக் கொடுத்தேன். நரையும் போட்டேன், கன்னத்தைச் சற்றுத் தளர்த்தினேன், நெற்றியை மேலே ஏற்றினேன். என் தொழிலறிவுக்கு அது நல்ல படம்.

அம்மா வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது ஆர் மாஸ்டர்? இந்த மனுசனை எனக்குத் தெரியாதே."

கேட்டது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. இருபத்தாறு வருடங்களாக அவர் மனதிலே வைத்திருந்த முகத்துக்கு வயது போகவில்லை, அதை நான் யோசித்திருக்க வேண்டும். "அப்ப, போனபோது இருந்தபடியே கீறுவம்" என்றேன். தலையசைத்தார்.

இதிலே வேறொரு சிக்கல். தகப்பனுக்கு இருபத்தேழு, மகளுக்கு இருபத்தைந்து. ஒரே தாளில் வைத்தால் அண்ணனும் தங்கையும் என்பார்கள், இல்லையேல் மாப்பிள்ளையும் பெண்ணும் என்பார்கள். பார்த்தவுடனே தகப்பனும் மகளும் என்று எப்படித் தெரியவைப்பது? எனக்கு யோசனை சொன்ன நண்பரொருவர், தகப்பனைப் புகைமாதிரி மங்கலாகக் கீறிவிடும்படி சொன்னார். சினிமாவிலே இறந்தவர்கள் தோன்றுவதைப்போல. இலகுவான வழிதான். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று அந்த அம்மா இன்றுவரை வாயால் சொன்னதில்லை. வீட்டிலே அந்தப் புகைப்படத்துக்கு மாலை போட்டதில்லை. அவரை மங்கலாகக் கீறுவது ஒரு தீர்ப்புச் சொல்வதாகும். தீர்ப்புச் சொல்ல நான் யார்? மகளின் கண்மணிக்கு எந்த 4பி பென்சிலோ அதே பென்சில், அதே அழுத்தம், அவருடைய கண்மணிக்கும் என்று முடிவு செய்தேன்.

அந்த நாட்களிலே எனக்கு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தவர் ஜேர்மன் நாட்டுச் சித்திரக்காரி கேத்தே கொல்விட்ஸ். 1903 இல், இறந்த பிள்ளையை மடியில் இறுக்கியிருக்கும் தாய் ஒருத்தியை அவர் செப்புத் தகட்டிலே செதுக்கினார். அதற்கு மாதிரியாக ஏழு வயதான தன் மகன் பீற்றரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியிலே பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறார். அதே பீற்றர் பதினொரு வருடங்களின் பின்னர், 1914 ஒக்ரோபரில், பதினெட்டு வயதில் பெல்ஜியப் போர்முனையிலே மாண்டான். அவனுக்கொரு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கிய தாய்க்கு அது முடிய 1932 ஆகிவிட்டது. முதலில் மகனின் உருவத்தையே செய்ய எண்ணியிருந்தார். முடிவிலே மகன் இல்லை. தாய் ஒரு கல்லில், தகப்பன் ஒரு கல்லில், இருவரும் முழந்தாளிட்டபடி. நடுவிலே இடைவெளி. இரண்டு உருவங்களின் நடுவேயுள்ள வெற்றிடத்தைப் பற்றி நான் வகுப்பிலே பேசியவை எல்லாம் அந்த இடைவெளிக்கு முன்னால் பிள்ளை விளையாட்டு.

இதற்கு நேர்மாறானவர் எங்கள் ஜோர்ஜ் கீற். அவருடைய கோட்டுச் சித்திரங்களிலே ராதையின் தோளிலிருந்து புறப்படும் கோடு எங்கே கண்ணனின் புயமாகிறது என்று சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே கோடு. காதலருக்கு அது பொருந்தும். என் தாளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

ஆனாலும் எங்காவது ஓரிடத்திலே தொட வேண்டும் என்று அம்மா விரும்பினார். தகப்பனின் கை மகளின் தோளிலே இருக்க வேண்டுமாம். அடையாள அட்டைப் படத்தில் கை ஏது? கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் சட்டை, கழுத்துப்பட்டியின் நீண்ட முனைகள், தோளைப் பாதி மறைத்த ரப்பர் முத்திரையின் ஊதா மை. அவ்வளவுதான். யாருடைய கையையாவது பார்த்துக் கீறிவிடலாந்தான். மனம் ஒப்பவில்லை. இதைச் சொன்னபோது அம்மா மகளைக் கூப்பிட்டு, அவளுடைய வலது கையைப் பிடித்து என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"பாருங்கோ, இது தேப்பன்ரை கை. சின்னவிரல் வளைஞ்சிருக்கிறதும் அப்பிடியே."

மகள் தன் கையை ஏதோ புதிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இதை அவளுக்கு அதற்கு முன்னர் ஒருவரும் சொல்லியிருக்கவில்லைப் போலும்.

கதிரையின் முதுகிலே அந்தக் கையை வைக்கச் சொல்லிக் கீறினேன். பிறகு பெரிதாக்கி, மூட்டுகளை அகலமாக்கி, நகங்களைக் கட்டையாக்கி, தாளிலிருந்த அவளுடைய தோளின்மேல் வைத்தேன். தன் கையே தன் தோளில். கையைக் கீறினால் மட்டும் போதாது, கை தோளிலே பாரமாக இருக்க வேண்டும். விரல்களின் கீழே ஒடுங்கிய நிழல், சேலையில் அமுங்கிய ஒரு சின்ன மடிப்பு, இந்த இரண்டும் விழுந்தவுடனே அதுவரை வெவ்வேறாக நின்ற இருவரும் ஒரே அறைக்குள் வந்தார்கள். பாரமாகக் கை வைக்கிறவர் தமையனுமல்லர், மாப்பிள்ளையுமல்லர். வயதுச் சிக்கல் அங்கேயே பாதி தீர்ந்தது. மீதிப் பாதியை நெற்றிகள் பார்த்துக்கொண்டன. இருவருக்கும் ஒரே நெற்றி, அதை மட்டும் வெளிச்சத்திலே விட்டேன்.

மிகுதி வேலை விரைவாகவே முடிந்தது. கை பட்டுக் கரி பரவாமலிருக்க உள்ளங்கையின் கீழே ஒரு தாள். மிக இருண்ட இடங்கள் மகளின் தலைமயிரும் அவளுக்குப் பின்னே அவருடைய சட்டையின் நிழற்பகுதியும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டேன், நடுவிலே கோடு போடவில்லை. பிசைந்த றப்பரைக் கூராக்கி இரு கண்களிலும் ஒளிப்புள்ளி எடுத்தேன், நால்வகைக் கண்ணுக்கும் ஒரே பக்கமாக. கரி கொட்டாமலிருக்கத் திரவம் தெளித்து, கண்ணாடி தாளிலே படாதபடி ஓரத்துக்கு மட்டை வைத்துச் சட்டம் போடச்சொல்லி அனுப்பினேன். பென்சிற் படத்திலே கண்ணாடி முட்டினால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். இது கீறுகிறவர்களுக்குச் சொல்வது.

கலியாண வீட்டிலே படத்தை வாசலுக்கு நேரே வைத்திருந்தார்கள். மாலை போட்டிருக்கவில்லை. பந்தியிலே எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "பொம்பிளையின்ரை தேப்பனைப் போலக் கிடக்கு" என்று மற்றவருக்குச் சொன்னார். எந்தப் பத்திரிகை விமர்சனமும் எனக்கு அவ்வளவு திருப்தி தந்ததில்லை.

ஒரு மாதத்தின் பின்னர் மகள் கணவனோடு வந்தாள். தேநீர் குடித்துவிட்டு, போகிற நேரத்திலே திரும்பி நின்று கேட்டாள்.

"சேர், அம்மா வேண்டாமெண்ட மற்றப் படம் இருக்கோ?"

இருந்தது. நரைத்த தலையும் தளர்ந்த கன்னமுமாக, நானே வயதாக்கிய அந்த மனிதர். எடுத்துக் கொடுத்தேன். இந்த முகத்தை அவளுடைய தாய்க்குத் தெரியாது. அவளுக்கோ இரண்டு முகங்களும் ஒன்றுதான், இரண்டையும் அவள் கண்டதில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பழைய கலண்டர் தாளிலே சுற்றி, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு, மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் நடுவிலே வைத்துக்கொண்டு போனார்கள்.