ஒரு டாங்கோப் பாட்டும் அதன் பாஷையும்



டாங்கோ என்றால் ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாட்டுமாகும். அப்பாட்டுகளில் ஒன்றைப் பற்றி மாத்திரம் நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அதன் பெயர் “மி நோச்சே த்ரிஸ்தே”, அதாவது “என் துக்க இரவு”. சாமுவேல் காஸ்திரியோத்தாவின் மெட்டுக்குப் பாஸ்குவால் கோந்துர்சி வார்த்தைகள் எழுத, அர்ஜென்டினாவில் கார்லோஸ் கார்டெல் 1917-ல் பாடியது.

விஷயம் என்னவென்றால், ஒருத்தி ஒருவனை விட்டுப் போய்விட்டாள். அவன் தன் அறையில் கிடந்து புலம்புகிறான். கித்தார் அலமாரியில் சும்மா தொங்குகிறது. அவள் திரும்பி வருவாளென்ற நப்பாசையில் கதவைச் சாத்தாமலே படுக்கிறான். இவ்வளவுதான்.

ஆனால் எந்தப் பாஷையில் புலம்புகிறான் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அது பள்ளிக்கூடத்து ஸ்பானிஷ் மட்டுமல்ல. லுன்பார்டோ என்னும் தெருப்பேச்சு கலந்தது. 1914-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி, தலைநகரான புவனோஸ் ஐரிஸில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறிய கூலிகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். முற்றமும் கக்கூசும் எல்லாருக்கும் பொது. 1907-ல் வாடகையை ஏற்றியபோது இந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி வாடகை கொடுக்க மறுத்தார்கள். பெண்கள் கையில் துடைப்பத்தோடு ஊர்வலம் போனார்கள். அப்பேர்ப்பட்ட முற்றங்களில் கலந்து பிறந்த பேச்சு இது. இத்தாலியனின் ‘லவோரோ’ அங்கே ‘லபூரோ’ ஆயிற்று. வேலை என்று அர்த்தம். படித்த கனவான்களோ இதைத் திருடர் பாஷை என்றார்கள். திருடனும் பேசினான், வாஸ்தவம். மூட்டை தூக்குகிறவனும்தானே பேசினான்?

ஆட்டத்தையும் அந்தக் கனவான்கள் இப்படித்தான் இழிவாக எண்ணினார்கள். ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் தாளமும் கூலிகளின் மெட்டும் சேர்ந்தது வேறெப்படி இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். 1913 வாக்கில் பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகள் ஆடத் தொடங்கினார்கள். உடனே இவர்கள் வீட்டுக் கூடத்திலும் அது மரியாதை பெற்றுவிட்டது!

பாஷைக்கு அந்த மரியாதை அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை. 1943-ல் ராணுவத்தார் ஆட்சியைப் பிடித்ததும், ரேடியோவில் லுன்பார்டோ கூடாதென்று கெடுபிடி செய்தார்கள். பல பாட்டுகளின் வார்த்தைகளை மாற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். சிலவற்றின் தலைப்பே மாறிற்று. 1949-ல் பாட்டாசிரியர்கள் ஜனாதிபதி பெரோனைக் கண்டு முறையிட்ட பிறகே அது தளர்ந்தது. 2009-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் டாங்கோவை மனித குலத்தின் பாரம்பரியச் சொத்துகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

நிற்க, இந்தப் பாட்டில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆண் அழுவதை வெட்கமில்லாமல் பாடியது நல்லதுதான். ஆனால் போனவள் எதற்காகப் போனாள்? அவன் அடித்தானா, அவள் சம்பாத்தியத்தில் தின்றானா, அல்லது அவளுக்குத்தான் பிடிக்கவில்லையா? பாட்டு முழுவதும் அவன் பேசுகிறான். அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.