கணக்கேடும் கழகமும்



வெள்ளி விழா மேடையில் பாராட்டுரைகள் பல கேட்டோம். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ அத்துணை இனிப்பானதன்று. கல்விக் கழகம் நடத்துவோர்க்குச் சட்டம் விதிக்கும் கடமைகளைப் பற்றிப் பேசப் பணித்துள்ளனர்.

கழகம் காண்பது நம்மவர்க்குப் புதிதன்று. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. அக்கழகத்தையும் அவர் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் முறைப்படி பதிவு செய்தே நடத்தினார்.

எழுத்தின் வலிமையை நம்மினும் அறிந்தவர் யார்? செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த ட்ரெமென்கீரின் அறிக்கையை ஒட்டி 1892-இல் அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் இன்று யார் கையில் உள்ளன? பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுத்தில் இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிற்று. அவ்வெழுத்தைக் காத்து நிற்க ஊர்தோறும் நமக்கு அமைப்பு இல்லை.

இன்று நம்மை ஆள்வது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். (எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், பெங்களூர் உறவினர் அனுப்பும் படிவம் இங்கே செல்லாது.) நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையலாகாது, அதன் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டலாகாது. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூடித் தணிக்கை செய்த கணக்கை ஏற்கவேண்டும். பின்னர் அது மாவட்டப் பதிவாளருக்குச் செல்லவேண்டும். உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். இதைப் பலர் மிரட்டலாகக் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது உறுப்பினரின் உரிமை.

வருமான வரிப் பதிவை ஒருமுறை பெற்றால் போதும் என்றிருந்த காலம் 2021-உடன் முடிந்தது. இப்போது தவணைதோறும் புதுப்பிக்க வேண்டும்.

நம் குறையொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டோம். எவரும் ஒரு காசு எடுக்கவில்லை. பொருளாளர் நேர்மையானவர், ஆனால் சீட்டு எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. "நம் பிள்ளைகள்தானே, நம்பமாட்டார்களா?" என்பார். அவ்வாண்டு ஓசூர்ப் பக்கத்துத் தொழில் நிறுவனமொன்று கல்வி உதவித்தொகை தர முன்வந்தது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் சமூகப் பணிக்குப் பெருநிறுவனங்கள் ஒதுக்கச் சொல்லும் பணம் அது. மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை கேட்டனர். நம்மிடம் இல்லை. பணம் வேறிடம் போயிற்று. நம் பெண்ணொருத்தி செவிலியர் படிப்பில் சேரவியலாது மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குச் சென்றாள். இன்று இவ்வவையில் அவள் அமர்ந்திருக்கிறாள். அவள் முகம் பார்த்தே இதைச் சொல்கிறோம்.

அதன்பின் சில வழக்கங்களை மேற்கொண்டோம். காசோலையில் இருவர் கையொப்பம். அவ்விருவரும் ஒரே வீட்டாராக இருத்தலாகாது. கிரானைட் பட்டறைத் தோழர் தரும் ஐம்பது ரூபாய்க்கும் சீட்டு. குழு உறுப்பினரின் உறவினரிடம் பொருள் வாங்க நேர்ந்தால், அவர் அதை வெளிப்படக் கூறி, முடிவெடுக்கும் வேளையில் எழுந்து வெளியே செல்லவேண்டும். முதன்முதலில் அவ்வாறு வெளியே சென்றவருக்குக் கோபம் வந்ததுண்டு. திரும்பி வந்து தேநீர் அருந்தியதும் தணிந்தது. ஷிப்டு வேலை பார்ப்போர்க்காகப் பொதுக்குழுவை ஞாயிறு மாலையில் கூட்டுகிறோம்.

சென்ற ஆண்டுக் கணக்கேடு மேடையின் இடப்புற மேசையில் வைக்கப்பட்டுள்ளது. உணவுக்குச் செல்லுமுன் இளைஞர்கள் அதைப் புரட்டிப் பாருங்கள். ஐயமிருப்பின் ஓரத்தில் எழுதுங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது.