சைகை, பேச்சு, எழுத்து



மனிதர் சேதி சொல்லும் வழிகள் பல. கைக்குழந்தை அழுது பசியைச் சொல்கிறது. காது கேளாதவர் சைகை மொழியில் பேசுகிறார். மற்றவர் வாயால் பேசுகிறோம். ஆனால் வாய்ச்சொல் ஆள் மாறினால் மாறிவிடும். எழுத்து மாறாது.

1879-இல் இந்தியாவில் அஞ்சல் அட்டை வந்தது. விலை காலணா. ஏழைத் தாயும் தூரத்து மகனுக்குச் சேதி அனுப்பலாம். ஆனால் படிக்கத் தெரியாத வீட்டில் அடுத்தவர்தான் அதைப் படித்தார். வீட்டுக் கடன் ஊருக்குத் தெரிந்தது. தந்தி வந்தால், படிக்கும் முன்பே அழுகை!

2013-இல் தந்தி நின்றது. இன்று செல்பேசியில் சேதி வருகிறது. அதுவும் எழுத்துதான். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணை அடுத்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லலாமா? பணம் போய்விடுமே!

நம் சேதியை நாமே படிப்போம். கற்ற எழுத்தை விடாதிருப்போம்.