தானாய் விழும் எண்ணே தக்கது!

நடுவர் அவர்களே! "லாரிக்கு நம்பர் இருக்கிறது, வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது, டேட்டாபேஸ் டேபிளில் இன்னொரு எண் எதற்கு?" என்று கேட்டு எதிரணி கைதட்டல் வாங்கிவிட்டது. பதில் புழலிலேயே இருக்கிறது.

2011 அக்டோபர் வரை புழல் ஒரு பேரூராட்சி. பிறகு சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மாவட்டம் மட்டும் திருவள்ளூர். 2018 ஆகஸ்டில் மாவட்டமும் சென்னையானது. ஒரு வீடும் நகரவில்லை, முகவரி மட்டும் இரண்டு முறை மாறியது! மாவட்டம், ஊர், வார்டு, கதவு எண் நான்கையும் கோத்து, பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீ ஆக்கியிருந்தால், அதைப் பிடித்துத் தொங்கும் வரிக் கணக்கையும் குடிநீர் இணைப்பையும் யார் உட்கார்ந்து திருத்துவது? எதிரணியா வரும்?

வெப் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் பிரைமரி கீ எதுவென்று சொல்லாமல் விட்டால், ஐடி என்ற பத்தியை அதுவே சேர்த்துவிடும். ரெயில்ஸும் அப்படித்தான். பதிவு உள்ளே வர வர டேட்டாபேஸே எண் போடும். அந்த எண்ணுக்கு ஊர் தெரியாது, மாவட்டம் தெரியாது, சாதியும் தெரியாது. அதனால்தான் எது மாறினாலும் அது மாறுவதில்லை.

இனி அந்த லாரி. செங்குன்றம் ஆர்டிஓவின் டிஎன் 18 பலகையோடு எண்ணூர்த் துறைமுகம் போகும் வண்டி. கேட்டில் ஒருவர் இடைவெளி விட்டு அடிப்பார். இன்னொருவர் நடுவில் கோடு போடுவார். நைட் ஷிஃப்டில் இருப்பவர் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ'வைத் தட்டுவார். ஒரே லாரி, மூன்று லாரி! அதையே ஆந்திராவில் ஒருவர் வாங்கி 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி புது நம்பர் வாங்கியாக வேண்டும். டயர் கணக்கும் டீசல் கணக்கும் பழைய நம்பரில், வண்டி புது நம்பரில். எதிரணியின் டேபிளில் வண்டியையே காணோமே, ஐயா! நம்பர் இரட்டிக்கக் கூடாதென்றால் அந்தப் பத்திக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள், யார் தடுத்தது?

பேஸ்கேம்ப் நிறுவனத்தின் கதையைப் பிரம்மாஸ்திரமாக வீசினார்கள். 2018 நவம்பரில், ரெயில்ஸ் பிறந்த வீட்டிலேயே ஐடி 2,147,483,647ஐத் தொட்டு, புதிதாக எதையும் எழுத முடியாமல் சில மணி நேரம் நின்றது. உண்மை. அது 32 பிட்டின் உச்சம். ஆனால் ரெயில்ஸ் 5.1 முந்தைய ஆண்டே 64 பிட்டுக்குப் போய்விட்டதே! படி நிரம்பினால் மரக்காலை எடுப்பார்கள், நெல்லையா கொட்டுவார்கள்?

அடுத்து வருபவர் கன்டெய்னர் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார். வரட்டும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், சரிபார்க்க ஓர் இலக்கம். அந்த ஆறு இலக்கம் பெட்டியின் நிறமா, எடையா, உள்ளிருக்கும் சரக்கா? பெட்டிக்குச் சொந்தக்காரர் கொடுத்த வெறும் தொடர் எண்!