உரியும் மேற்பூச்சு



பழைய கார் வைத்திருப்போர் பலருக்கும் ஒரு நாள் இந்தக் கவலை வருகிறது. கூரையிலோ பானெட்டிலோ தேமல் போல ஒரு வெண்திட்டு தோன்றும். சில மாதங்களில் அதன் ஓரம் வெங்காயச் சருகு போல எழும்பி உரியத் தொடங்கும். உரிவது நிறமன்று, நிறத்தின்மேல் போர்த்திய, கண்ணாடி போன்ற தெளிபூச்சு. பட்டறைகளில் அதனைக் கிளியர் கோட் என்பர்.

இன்றைய கார்த் தகட்டின்மேல் முதலில் துருத்தடுப்புப் பூச்சுகள், பிறகு நிறம், அதற்கும் மேலே இத்தெளிபூச்சு. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரை விழுங்கும் மருந்து அதனுள் கலந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மருந்தின் வலிமை தீர்கிறது. கதிர் அடிவரை இறங்கி, தெளிபூச்சுக்கும் நிறத்துக்கும் இடையிலுள்ள பிடிப்பை அறுத்துவிடுகிறது. வெயிலை நேராக வாங்கும் கூரையும் பானெட்டும் முதலில் கெடுவது இதனால்தான்.

கர்நாடகத்துக் கோலார் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில் வாழும் நம்மவருக்கு இதில் இரண்டு தொல்லைகள் கூடுதல். ஊர் கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயிலைப் பொருட்படுத்தத் தோன்றுவதில்லை. ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடுகிறது. தொழிலாளர் லைன் வீடுகளில் காருக்குக் கொட்டகை ஏது? இரண்டாவது தொல்லை சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் நிற்கின்றன. காற்றடி காலத்தில் அம்மாவு பறந்து காரின்மேல் படிகிறது. அதில் படிகக்கல் தூள் மிகுதி. அது இரும்புத் தகட்டையும் கீறவல்லது. காலையில் உலர்ந்த துணியால் அதனைத் துடைப்பவர், துடைக்கவில்லை, தேய்க்கிறார். முதலில் தாராளமாக நீர் ஊற்றித் தூசியை ஓடவிட்ட பின்னரே துணி படவேண்டும்.

உரியத் தொடங்கிய பூச்சுக்கு மெழுகோ பாலிஷோ மருந்தாகா. அம்பாசடர், பத்மினி காலத்துப் பழக்கம் நம்மை இங்கே ஏமாற்றுகிறது. அக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சாக இருந்தன. வெளுத்த மேல்தோலைக் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து புது நிறம் வரும். துணியிலும் அந்நிறம் ஒட்டும். தெளிபூச்சு உள்ள வண்டியில் அவ்வாறு தேய்த்தால் எஞ்சியிருக்கும் காப்பும் தேய்ந்துபோகும். உரிந்த ஓரத்தை நகத்தால் பெயர்ப்பதும், ஒட்டுநாடா போட்டு இழுப்பதும் வேண்டா.

சரியான வழி ஒன்றே. உறுதியாக ஒட்டியிருக்கும் இடம் வரை வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்து, விளிம்பே தடவினால் தெரியாதபடி சமனாக்கவேண்டும். நிறம் வெளுத்திருந்தால் அதனையும் புதிதாக அடித்து, அதன்மேல் தெளிபூச்சு. திட்டை மட்டும் அடித்தால் அதன் எல்லை நாளடைவில் கோடாகத் தெரியும். ஆகையால் பானெட் என்றால் பானெட் முழுவதும் அடிப்பதே நன்று. கார் மிகப் பழையது, விற்றாலும் பெரும் விலை போகாது என்றால் இச்செலவு தேவைதானா என்று எண்ணிப் பார்க்கலாம். தெளிபூச்சு போனதாலேயே மறுநாள் துரு ஏறிவிடாது. அடியிலுள்ள பூச்சுகள் முழுமையாக இருக்கும்வரை தகடு தாங்கும். தகடு தெரியும் இடத்தை மட்டும் உடனே மூடினால் போதும்.

செலவைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. பட்டறையில் தெளிபூச்சுடன் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. பெயரில் ஒப்புமை இருப்பினும் இது சுரங்கத்துச் சயனைடு அன்று. இதன் மெல்லிய புகைமூட்டம் நுரையீரலில் சென்றால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதனை ஒவ்வாத பொருளாகக் கொண்டுவிட்டால், பிறகு சிறு அளவே மூச்சை அடைக்கும். வாடை எச்சரிக்கும் என்று நம்பியிருக்கவும் இயலாது. மூக்கில் கட்டிய கைக்குட்டை இதற்குத் தடையாகாது. வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்றுத் தரும் முகமூடியே உரிய காப்பு. தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதைத் தங்கவயல் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1940-களில் இச்சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ் நோய்க்குறி காணப்பட்டது. பட்டறையில் ஸ்ப்ரே அடிக்கும் பையன் முகத்தில் வெறும் துணி இருந்தால், 'தம்பி, முகமூடி எங்கே?' என்று கேட்க வண்டிக்காரருக்கு உரிமை உண்டு. விலை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டிலேயே சிறு இடத்தைச் சரிசெய்ய விரும்புவோர், ஹார்டனர் சேராத சாதாரண டப்பா ஸ்ப்ரேயை வெட்டவெளியில் பயன்படுத்தலாம். அது அத்தனை காலம் உழைக்காது. பெட்ரோல் சிந்தினால் கரையும். டப்பாவின் அடியில் குமிழை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது பட்டறைச் சரக்கே, வீட்டு முற்றத்துக்கு ஆகாது. புதுப்பூச்சு அடித்த வண்டிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் மெழுகு பூசாமல், அது நன்கு இறுக விடவேண்டும். அதுவரை நிழலில் நிறுத்தி, தூசியை நீரால் மட்டும் கழுவி வருவது போதும்.