சாப்பாட்டு நேரத்தில் டி.வி.: அப்பா கட்சியா, அம்மா கட்சியா?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். "உங்க துறையிலிருந்து ஏதாவது பேசுங்க, கலோரிக் கணக்கு மட்டும் வேண்டாம்" என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன். 1986 முதல் 1989 வரை இங்கே மனையியல் படித்தவள் நான். இப்போது மதுரையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்கள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது.

என் அறைக்கு வரும் பெற்றோர் முதலில் சொல்வது, "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது." சண்டை இரண்டாவது வாக்கியத்தில் ஆரம்பிக்கும். "டி.வி. போட்டாத்தான் வாயைத் திறக்கிறான்" என்பார் அம்மா. "அப்படிப் பழக்கினதே இவதான்" என்பார் அப்பா. சில வீடுகளில் கட்சி மாறியிருக்கும். அப்பா செய்திச் சேனலை அணைக்க மாட்டார், அம்மா அணைக்கச் சொல்லி மன்றாடுவார். பெட்டிக்குப் பதிலாகச் சொம்பில் சாய்த்து வைத்த கைபேசியும் இப்போது உண்டு. வழக்கு ஒன்றுதான்.

நம் விடுதியில் இந்த வழக்கே எழவில்லை. டி.வி. மரப்பெட்டிக்குள் இருந்தது, பெட்டிக்குப் பூட்டு இருந்தது, சாவி வார்டன் இடுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' முடிந்த பிறகுதான் மெஸ் மணி அடிக்கும். தட்டோடு ஹாலுக்குள் நுழைந்தவளுக்கு என்ன கிடைத்தது என்பது முன்வரிசையில் சிரித்துக் கொண்டிருக்கும் என் தோழிகளுக்கு நினைவிருக்கும். பெயர் சொல்ல மாட்டேன்.

வீடுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் வந்தது. பெட்டி வாங்கியவர்கள் அதை முன்கூடத்தில் வைத்தார்கள். சாப்பாடு அடுப்படியில். நடுவே ஒரு சுவராவது இருந்தது. பிறகு வந்த சின்ன ஃபிளாட்டுகளில் கூடமும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகிப் போயின. 1993-ல் சன் டி.வி. வந்தது. 2006-லிருந்து சில ஆண்டுகள் அரசே வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்தது. 2007-ல் குழந்தைகளுக்கென்றே சுட்டி டி.வி. வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பல பேர் கார்ட்டூன் பார்த்துச் சோறு தின்று வளர்ந்தவர்கள்தான். கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

இந்தச் சண்டை எப்போது பிறக்கிறது தெரியுமா? பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றேகால், ஒன்றரை வயதாகும்போது. அதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் சுமார் ஒன்பது கிலோ இருக்கும். பன்னிரண்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, அதனால் பசியும் குறைகிறது. அதே சமயம் நடக்கப் பழகிய பிள்ளைக்கு வீடு முழுக்க வேலை. நேற்றுவரை கிண்ணம் காலியானது, இன்று பாதி மிச்சம் என்றால் தாய்க்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். பக்கத்திலிருந்து ஒரு குரல், "பிள்ளை இளைச்சிட்டானே" என்று வேறு சொல்லும். அந்த நேரத்தில் ஒரு நாள் டி.வி. ஓடுகிறது, பிள்ளை வாயைப் பிளந்தபடி முழுக் கிண்ணத்தையும் விழுங்கிவிடுகிறது. அடுத்த நாள் அந்தத் தாய் ரிமோட்டைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்?

ஒரு பாட்டியம்மா என்னிடம் நன்றாகவே மடக்கினார். "நாங்க நிலாவைக் காட்டி ஊட்டலையா? காக்காவைக் காட்டி ஊட்டலையா? அதுவும் பராக்குத்தானே?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். நிலாவைக் காட்டியபோது நீங்களும் சேர்ந்து நிலாவைப் பார்த்தீர்கள். "காக்கா எங்கே? பறந்து போச்சு. ஆ காட்டு" என்று பேசிக் கொண்டே இருந்தீர்கள். பிள்ளை கேட்டுத்தான் வாயைத் திறந்தது, போதுமென்றால் முகத்தைத் திருப்பியது. டி.வி.யில் காட்சி நொடிக்கு நொடி மாறுகிறது. கண்ணும் காதும் அங்கே போய்விட, உதட்டில் கரண்டி பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. வயிறு நிறைந்தது என்ற செய்தி கவனத்துக்கு வந்து சேருவதில்லை. மென்று தின்ன வேண்டியதை அப்படியே விழுங்குவதும், சில சமயம் புரையேறுவதும் இப்படித்தான். பின்னணியில் டி.வி. ஓடினால் பெற்றோர் பிள்ளையோடு பேசும் பேச்சும் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பிள்ளை பேச்சுப் பழகும் வயதில் அது சின்ன நஷ்டமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு வேளை ஊட்ட முக்கால் மணி நேரம் என்றால், மத்தியானச் சாப்பாட்டிலேயே அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆகவே அணைக்கச் சொல்லும் கட்சிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் அந்தக் கட்சிக்காரரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: கிண்ணம் யார் கையில் இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். பையனுக்கு இரண்டே கால் வயது, எடை பதினொன்றரைக் கிலோ. வளர்ச்சி அட்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா பள்ளி ஆசிரியை, காலை எட்டுப் பத்துக்குப் பஸ். அப்பாவுக்கு ஆபீஸ் வேலை, வீடு வர ராத்திரி எட்டாகும். வந்ததும் டி.வி.யை அணைப்பார். பிள்ளை அழும். இவர் கை கால் கழுவப் போய்விடுவார். பதினைந்து நாளாக இருவருக்கும் பேச்சே இல்லை. என் எதிரில் உட்கார்ந்து கொண்டும், "அப்பாகிட்ட கேளு கண்ணா, காலையில ஒரு நாள் ஊட்டிப் பார்ப்பாங்களான்னு" என்று பிள்ளை மூலமாகத்தான் பேசினார் அந்த அம்மா. பையன் என் மேஜையிலிருந்த பிளாஸ்டிக் வாழைப்பழத்தைக் கடித்துக் கொண்டிருந்தான்.

அப்பாவிடம் சொன்னேன்: "சார், ராத்திரிச் சாப்பாடு இரண்டு வாரம் உங்க பொறுப்பு. டி.வி. வேண்டாம். உங்க தட்டையும் போட்டுக்கிட்டு அவனோட தரையில உட்காருங்க. சோத்தை அவன் கையில பிசைய விடுங்க, சிந்தட்டும். பின்னாடியே ஓடாதீங்க. இருபத்தஞ்சு நிமிஷம் ஆனா தட்டை எடுத்துடுங்க." அம்மாவிடம், "நீங்க அந்த நேரத்துக்கு ஹால் பக்கமே வராதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பால், பிஸ்கட் கிடையாது" என்றேன். வயிறு நிறையப் பாலைக் கொடுத்துவிட்டுச் சோறு இறங்கவில்லை என்பது பல வீடுகளில் நடக்கிற காரியம்.

நான்காம் நாள் அப்பாவிடமிருந்து போன். "மூணு நாளா நாலு வாய்தான் மேடம். நேத்து மனசு கேக்கல, நானே டி.வி.யைப் போட்டுட்டேன்." பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர்கள் வீட்டில் சமாதானம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மறுபடி தொடரச் சொன்னேன். இரண்டாவது வாரக் கடைசியில் பையன் ஒரு இட்லி, சில நாள் ஒன்றரை இட்லி, தானே பிய்த்துத் தின்றான். டி.வி. போட்டு ஊட்டியபோது இரண்டு இட்லி. குறைந்த அந்த அரை, ஒரு இட்லியைத் தாங்கிக் கொள்ளத்தான் பெற்றவர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

காலை வேளை மட்டும் மாறவில்லை. எட்டுப் பத்து பஸ் காத்திருக்காது என்றார் அந்த அம்மா. காலையில் பத்து நிமிடம் டி.வி., ராத்திரி கிடையாது என்று அவர்களே ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மாதக் கடைசியில் எடை பார்த்தோம், குறையவில்லை.

என் வீட்டில் வேறு மாதிரி. என் கணவருக்கு ராத்திரிச் செய்தியைப் பார்த்துக் கொண்டே சாப்பிட வேண்டும். "உங்கப்பா ரேடியோவுல மாநிலச் செய்தி கேட்டுக்கிட்டே இட்லி சாப்பிடலையா?" என்று என் வாயை அடைப்பார். பெண் பிறந்து தவழ ஆரம்பித்ததும் நான் தட்டுகளை அடுப்படித் தரைக்கு மாற்றிவிட்டேன். முதலில் தனியாகக் கூடத்தில் சாப்பிட்டார். ரசம் கேட்டு நாலு தடவை எழுந்து வர வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவரும் தரைக்கு வந்துவிட்டார்.

இன்னும் இரண்டு நிமிடம் இருப்பதாகச் செயலாளர் விரல் காட்டுகிறார். என் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்போது பாட்டிகள். மகள் வீட்டுக்கோ மருமகள் வீட்டுக்கோ போனால், வாசலிலேயே "பிள்ளை இளைச்சிட்டானே" என்று சொல்லாதீர்கள். வளர்ச்சி அட்டையை வாங்கிப் பாருங்கள். எடைக்கோடு ஏறிக் கொண்டிருந்தால் ஒன்றும் சொல்லாமல் பேரனோடு சாப்பிட உட்காருங்கள். கோடு மாதக்கணக்கில் படுத்தே கிடந்தாலோ, கீழே இறங்கினாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அது டி.வி. விவகாரம் இல்லை.