மாசு கூறும் சான்று



1980களில், நான் கல்லூரி மாணவனாயிருந்தபோது, மயிலாப்பூரில் எங்கள் இல்லத்தில் பழைய கார் ஒன்று இருந்தது. ஒருநாள் அது திக்கித் திணறி ஓடத் தொடங்கியது. அதன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டினேன். கார் நன்றாக ஓடிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழிந்தது. நோயுற்ற என் அன்னையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற இரவில், அக்கார் அடையாற்றுப் பாலத்தின்மேல் நின்றுவிட்டது. அவ்வழியே வந்த டாக்சிக்காரர் ஒருவரே எங்களைக் காத்தார்.

மறுநாள், மந்தைவெளியில் பட்டறை வைத்திருந்த முதியவர் என்னைக் கேட்ட முதற் கேள்வி: "தம்பி, பழைய பிளக்கெல்லாம் எங்கே?" எறிந்துவிட்டதாகக் கூறினேன். "சாட்சியை விரட்டிவிட்டுத் திருடனைப் பிடிக்கச் சொல்கிறாயே!" என்று சிரித்தார்.

வைத்தியர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பது போன்றதே பிளக்கின் முனையைப் பார்ப்பதும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. முனையின் வெப்பம் ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். குறைந்தால் கரி எரியாமல் படியும், மிகுந்தால், பொறி பிறக்குமுன்னரே அம்முனையின் சூட்டினால் பெட்ரோல் தீப்பற்றும், பிஸ்டனே உருகக்கூடும்.

வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியையோ சூடு போதாமையையோ காட்டும். எண்ணெய்ப் பிசுக்குடன் கூடிய கருமை, எரியறைக்குள் எஞ்சின் ஆயில் புகுவதைச் சொல்லும். சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளித்திருந்தால், சூடு எல்லை மீறிற்று என்பது பொருள்.

ஆயினும் நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. நாள்தோறும் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையே நின்று நின்று செல்லும் காரின் பிளக்கில் கரி படிவது இயல்பு. அதே கார் மாமல்லபுரம் வரை தடையின்றி ஓடிவந்தால், அக்கரியிற் பெரும்பகுதி தானே எரிந்துபோகும். பெட்ரோலையும் கருதுதல் வேண்டும். சென்னையில் ஈயமற்ற பெட்ரோல் 1995-இல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் பிளக்குகளில் ஈயத்தின் சாம்பல் படிவதுண்டு.

எங்கள் காருக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருந்தது. முதியவர் பிளக்குகளைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்தபின் அவற்றைக் கழற்றி, செய்தித்தாளின்மேல் வரிசை மாறாமல் வைத்தார். மூன்று பழுப்பு, மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் எண்ணெய்க் கருமை. அந்தச் சிலிண்டரின் அழுத்தத்தை அளந்தார், குறைவாக இருந்தது. உள்ளே சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளந்தார், ஏறிற்று. ஆயில் பரவி இடைவெளியை அடைத்ததனால் ஏறிய அழுத்தம் அது. ஆகவே தேய்ந்தது பிஸ்டன் ரிங். வால்வு பழுதாயிருப்பின் அழுத்தம் அவ்வாறு ஏறியிராது.

நான் மாற்றிய புதிய பிளக் நோயை ஒரு மாதம் மறைத்து வைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. முதலிலேயே அந்நான்கையும் உற்றுப் பார்த்திருந்தேனாயின், என் அன்னை நள்ளிரவில் பாலத்தின்மேல் காத்து நின்றிருக்க வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, எந்தக் கருவி பழுதுற்றாலும், மாசைத் துடைக்குமுன் அது சொல்வதைக் கேளுங்கள்.